அமெரிக்காவில் சிறுபான்மை மாணவர்களின் கல்லூரிகள்: வந்த நிதியும் வராத நிதியும்

கேள்வி இது: மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்துவிட்டது. அப்படியிருக்க, கறுப்பின மாணவர்களும் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளின் வம்சாவளி) மாணவர்களும் படிக்கும் கல்லூரிகளுக்கென்று அந்நாட்டு அரசு தனியாக எப்படி நிதி தருகிறது? அது நிறுத்தப்பட்டுவிட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வகைக் கல்லூரிகளுக்கு வந்துகொண்டிருந்த நிதியில் பெரும்பகுதி 2025 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அதே மாதத்தில் வேறு வகைக் கல்லூரிகளுக்கு நிதி கூட்டித் தரப்பட்டது. இரண்டும் ஒரே மாதத்தில் எப்படி நடந்தன என்பது விளங்க வேண்டுமானால், இக்கல்லூரிகள் எல்லாம் ஒரே காரணத்துக்காக அரசுப் பணம் பெறுபவை அல்ல என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

சொல் குறித்து ஒரு விளக்கமும் தேவை. இந்தியாவில் சிறுபான்மைக் கல்லூரி என்றால் சிறுபான்மைச் சமூகம் ஒன்று நிறுவி நடத்தும் கல்லூரி என்று பொருள். அமெரிக்கச் சட்டத்தில் யார் நடத்துகிறார்கள் என்பது கேள்வியே அல்ல. யாருக்குக் கற்பிக்கிறார்கள் என்பதே கேள்வி. அதில் மூன்று வகை உண்டு. கறுப்பின மக்களுக்கென வரலாற்றில் தோன்றிய கல்லூரிகள் ஒரு வகை. பூர்வகுடிகள் தாங்களே நடத்தும் கல்லூரிகள் இன்னொரு வகை. குறிப்பிட்ட இனத்து மாணவர்களின் விழுக்காடு ஓர் எல்லையைத் தாண்டுவதால் தகுதி பெறும் கல்லூரிகள் மூன்றாம் வகை. முதல் வகைக்கு வரலாறும், இரண்டாம் வகைக்கு உடன்படிக்கையும், மூன்றாம் வகைக்கு எண்ணிக்கையும் அடிப்படை. இன்றைய சண்டை மூன்றாவதைப் பற்றியது. ஆனால் பணத்தின் கதை முதலாவதில்தான் தொடங்குகிறது. அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

கறுப்பின மக்களுக்கான மிகப் பழைய கல்வி நிறுவனம் பென்சில்வேனியாவில் 1837-இல் தொடங்கப்பட்டது. இன்று அது செய்னி பல்கலைக்கழகம். அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, தென் மாநிலங்களில் தேவாலய அமைப்புகளும் விடுதலை பெற்றோருக்கான மத்திய அரசு அலுவலகமும் சேர்ந்து பல கல்லூரிகளை எழுப்பின. தலைநகர் வாஷிங்டனில் 1867-இல் தோன்றிய ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு 1879 முதல் மத்திய அரசின் வரவுசெலவுத் திட்டத்திலேயே தனி ஒதுக்கீடு இருந்துவருகிறது. மற்றவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

1862-இல் இயற்றப்பட்ட மோரில் சட்டத்தின்படி, மத்திய அரசு தன் நிலங்களை மாநிலங்களுக்குக் கொடுத்து, அவற்றை விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்தச் சொன்னது. தென் மாநிலங்கள் அந்தப் பணத்தில் நடத்திய கல்லூரிகளில் கறுப்பின மாணவர்கள் பெரும்பாலும் நுழைய முடியவில்லை. ஆகவே 1890-இல் இரண்டாம் மோரில் சட்டம் வந்தது: ஒன்று, இனம் பாராமல் சேர்க்க வேண்டும், அல்லது கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி வைத்து, பணத்தை நியாயமான முறையில் பகிர்ந்தளிக்க வேண்டும். சமமாக என்று சட்டம் சொல்லவில்லை, நியாயமாக என்றே சொன்னது. எது நியாயம் என்று முன்மொழியும் பொறுப்பையும் அந்தந்த மாநிலச் சட்டமன்றத்திடமே விட்டது. கறுப்பினத்தவருக்கு வாக்குரிமையே மறுக்கப்பட்டுவந்த சட்டமன்றங்கள் அவை. பிறகு நூறாண்டுக்கு மேல் நடந்தவற்றின் விதை இந்த வரியில் கிடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று 1890-ஆம் ஆண்டு நிலமானியக் கல்லூரிகள் என்ற பெயரில் 19 நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றின் வேளாண் ஆராய்ச்சிக்கும் விரிவாக்கப் பணிக்கும் மத்திய அரசு ஒரு டாலர் கொடுத்தால், மாநில அரசும் ஈடாக ஒரு டாலர் கொடுக்க வேண்டும் என்பது விதி. இந்த விதியில் ஒரு சந்து இருக்கிறது. தன் பங்கில் பாதிக்கு மேற்பட்ட தொகையைத் தர இயலாது என்று மாநிலம் காரணம் காட்டினால் விலக்கு கிடைக்கும். அந்த விலக்கைக் கேட்பதற்குக் கல்லூரியே முன்வர வேண்டிய நிலையும் ஏற்படுகிறது. கேட்காவிட்டால் மத்திய அரசின் பணமும் கைநழுவும் என்ற அச்சம்தான் காரணம். அதே மாநிலத்தில் வெள்ளையர்களுக்கென 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த பல்கலைக்கழகத்துக்கோ, மாநில அரசு விதி கேட்பதைவிட அதிகமாகவே கொடுத்துவருவது வழக்கம். 2010 முதல் 2012 வரையிலான மூன்றாண்டுகளில், அப்போதிருந்த 18 கல்லூரிகளில் 11 கல்லூரிகள் தமக்குரிய மாநிலப் பங்கை முழுமையாகப் பெறவில்லை. விடுபட்ட தொகை ஏறத்தாழ 5.7 கோடி டாலர்.

டென்னசி மாநிலத்தில் நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். நாஷ்வில் நகரிலுள்ள டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாநிலம் தர வேண்டிய பங்கு முறையாகத் தரப்பட்டதா என்று பார்க்கச் சட்டமன்றக் குழு ஒன்று பழைய வரவுசெலவு ஏடுகளைப் புரட்டியது. 1957 முதல் 2007 வரை ஐம்பது ஆண்டுகள் அந்தப் பங்கு போய்ச் சேர்ந்ததற்கான தடயம் இல்லை. நிலுவை 15 கோடி டாலரிலிருந்து 54.4 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று 2021-இல் கணக்கிடப்பட்டது. குழுவை வழிநடத்திய ஹரால்டு லவ் என்ற உறுப்பினரின் தந்தையும் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். அவரும் தம் காலத்தில் இதே கணக்கைத் தேடியவர். தந்தை தேடத் தொடங்கியதை மகன் கண்டெடுக்கும் வரை அந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனை தலைமுறை மாணவர்கள் பழுதடைந்த கட்டடங்களில் படித்து வெளியேறியிருப்பார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. 2022-இல் மாநிலம் 25 கோடி டாலர் ஒதுக்கியது. அதுவும் கட்டடம் முதலிய உள்கட்டமைப்புக்கு மட்டுமே.

2023 செப்டம்பரில் மத்தியக் கல்வித் துறையின் செயலரும் வேளாண் துறையின் செயலரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1987 முதல் 2020 வரை, 1862-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாணவர் ஒருவருக்கு மாநிலம் எவ்வளவு செலவிட்டதோ அதே அளவை 1890-ஆம் ஆண்டுக் கல்லூரிக்கும் செலவிட்டிருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பதே அதிலிருந்த கணக்கு. எல்லா மாநிலங்களையும் சேர்த்தால் 1,200 கோடி டாலருக்கு மேல். டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஏறத்தாழ 210 கோடி டாலர். டெலவரும் ஒஹையோவும் சமமாக நடந்துகொண்டதால் அவற்றுக்குக் கடிதம் போகவில்லை. இந்தக் கணக்குக்கு ஓர் ஆட்சேபம் சொல்லப்படுவதுண்டு: பெரிய பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்புகளும் செலவு மிகுந்த ஆய்வுக்கூடங்களும் இருக்கின்றன, சிறிய கல்லூரியை அதனோடு ஒப்பிடலாமா என்று. கேட்க வேண்டிய ஆட்சேபம்தான். ஆனால் அந்தப் படிப்புகளும் ஆய்வுக்கூடங்களும் ஒரு பக்கத்தில் மட்டும் வளர்ந்ததற்கே மாநிலத்தின் ஒதுக்கீடுதான் காரணம் என்பதால், அந்த ஆட்சேபம் கடைசியில் குறையை எடுத்துக்காட்டுவதாகவே முடிகிறது.

எந்தப் படிப்பு எந்தக் கல்லூரியில் என்பதும் பண விவகாரமே என்பதை மேரிலாந்து வழக்கு காட்டியது. பால்டிமோர் நகரிலுள்ள மோர்கன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படிப்பு நடந்துகொண்டிருந்தது, வெள்ளை மாணவர்களும் அதில் சேரக்கூடிய தனித்தன்மை வாய்ந்த படிப்பு அது. 2005-இல் அதே வட்டாரத்தில் வேறு இரண்டு பொதுப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக அதே படிப்பைத் தொடங்க மாநிலம் அனுமதித்தது. இவ்வாறு அருகிலேயே நகல் படிப்புகளை அனுமதித்து, கறுப்பினக் கல்லூரிகளின் ஈர்ப்பைக் குறைப்பது பழைய பிரிவினையின் தொடர்ச்சி என்று 2006-இல் வழக்குத் தொடரப்பட்டது. நகல் படிப்புகள் குறித்து 2013-இல் நீதிமன்றம் அதை ஏற்றது. 2021-இல் நான்கு கல்லூரிகளுக்குப் பத்தாண்டுகளில் 57.7 கோடி டாலர் தருவதென்று உடன்பாடாயிற்று. மிசிசிப்பியில் இதைவிட நீண்ட வழக்கு. ஜேக் அயர்ஸ் என்பவர் 1975-இல் தொடுத்தது. 1992-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று, பின்னர் ஏறத்தாழ 50.3 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. தொடுத்தவர் அதைக் காணவில்லை.

மத்திய அரசின் உதவிக்கு வருகிறேன். அதன் அடித்தளம் 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட்டது வெள்ளை மாளிகையில் அல்ல. டெக்சஸ் மாநிலத்தின் சான் மார்கோஸ் ஊரில், தாம் படித்த கல்லூரியில். அந்தக் கல்லூரியில் படிக்கும்போதே பணமில்லாமல் ஓராண்டு படிப்பை நிறுத்திவிட்டு, கொட்டூலா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தவர் அவர். கையெழுத்திட்ட அன்று, அந்தப் பிள்ளைகளின் முகங்களை மறக்க முடியவில்லை என்றும், வறுமையால் அவர்களில் அநேகமாக ஒருவருக்கும் கல்லூரிக் கதவு திறக்காது என்று உணர்ந்தபோது ஏற்பட்ட வேதனை இன்னும் நினைவிருக்கிறது என்றும் பேசினார். பண பலமற்ற கல்லூரிகளை வலுப்படுத்துவதற்கென அந்தச் சட்டத்தின் மூன்றாம் பகுதி ஒதுக்கப்பட்டது. 1986-இல் அதற்குள் கறுப்பினக் கல்லூரிகளுக்கென ஒரு தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது.

அந்தப் பிரிவின் வரையறையை ஊன்றிப் படிக்க வேண்டும். 1964-க்கு முன் தொடங்கப்பட்டிருக்க வேண்டும்; கறுப்பின மக்களின் கல்வியே முதன்மை நோக்கமாக இருந்திருக்க வேண்டும்; தர அங்கீகாரம் இருக்க வேண்டும். இன்று எத்தனை விழுக்காடு கறுப்பின மாணவர்கள் படிக்கிறார்கள் என்ற கேள்வி வரையறையில் இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டு ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பெரும்பான்மை மாணவர்கள் வெள்ளையர்கள். ஆயினும் அது சட்டப்படி கறுப்பினக் கல்லூரியே. இத்தகைய கல்லூரிகள் ஏறத்தாழ நூறு. இவற்றுக்கான பணம் போட்டி வைத்துத் தரப்படுவதில்லை, சூத்திரப்படி பகிரப்படுகிறது: பாதித் தொகை, வறிய மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை பெறுவோரின் எண்ணிக்கையைப் பொறுத்தது, கால் பங்கு பட்டம் பெற்றோரின் எண்ணிக்கையையும், மீதிக் கால் பங்கு கறுப்பினத்தவர் குறைவாக உள்ள துறைகளில் மேற்படிப்புக்குச் சென்றோரின் எண்ணிக்கையையும் பொறுத்தவை. ஏழை மாணவரைச் சேர்த்து, பட்டம் வரை கொண்டுபோய், அதற்கப்பாலும் அனுப்பும் கல்லூரிக்குப் பணம் கூடும். அரசு வகுத்த சூத்திரங்களில் இவ்வளவு நேர்மையானதை நான் அதிகம் கண்டதில்லை.

நேரடி மானியத்தைவிட மாணவர் வழியாக வரும் பணமே இக்கல்லூரிகளுக்குப் பெரும்பாலும் உயிர்நாடி என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011-இல் கல்வித் துறை, பெற்றோர் தம் பிள்ளைகளுக்காக வாங்கும் மத்திய அரசுக் கடனுக்கான தகுதிச் சோதனையைச் சத்தமின்றி இறுக்கியது. விதியில் இனம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் பழைய கடன் பாக்கிகள் உள்ள குடும்பங்கள் எங்கே அதிகமோ அங்கே அடி விழுந்தது. ஆயிரக்கணக்கான பெற்றோரின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டு, கறுப்பினக் கல்லூரிகள் பலவற்றில் 2012-இல் மாணவர் எண்ணிக்கை சரிந்தது. இதற்காக அப்போதைய கல்விச் செயலர் ஆர்னி டங்கன் 2013-இல் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். மறு ஆண்டே விதி தளர்த்தப்பட்டது. ஆனால் படிப்பைப் பாதியில் விட்டுப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை. கல்லூரிகள் வாங்கும் கடனிலும் இதே நிலைதான்: கடன் பத்திரம் வெளியிடுவதற்கு இக்கல்லூரிகள் மற்றவற்றைவிட அதிகக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். கட்டடங்களுக்காக மத்திய அரசுத் திட்டத்தில் 45 கல்லூரிகள் வாங்கியிருந்த சுமார் 160 கோடி டாலர் கடன் 2021-இல் தள்ளுபடியானது பெரிய ஆறுதல்.

பூர்வகுடிகளின் கல்லூரிகள் வேறு வகை. நவஹோ மக்கள் 1968-இல் தொடங்கிய கல்லூரிதான் முதலாவது. இன்று டினே கல்லூரி என்று பெயர். இப்போது இத்தகைய கல்லூரிகள் ஏறத்தாழ 35. பூர்வகுடிகளோடு அமெரிக்க அரசு செய்துகொண்ட உடன்படிக்கைகளும் அவற்றிலிருந்து பிறந்த பொறுப்பும் இவற்றுக்கான நிதியின் அடிப்படை. சட்டத்தின் பார்வையில் பூர்வகுடி என்பது இனத்தைவிட அரசியல் உறவையே முதலில் குறிக்கும். 1978-ஆம் ஆண்டுச் சட்டம் பூர்வகுடி மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று பணம் தருகிறது. அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிற மாணவர்களுக்குத் தருவதில்லை; அவர்களுடைய செலவைக் கல்லூரி தானே சுமக்கிறது.

மூன்றாம் வகைதான் இப்போது வழக்கில் சிக்கியிருப்பது. இளநிலை மாணவர்களில் குறைந்தது 25 விழுக்காட்டினர் ஹிஸ்பானிக் வம்சாவளியினராக இருந்தால் ஒரு கல்லூரி ஹிஸ்பானிக் மாணவர் கல்லூரியாகத் தகுதி பெறும் என்று 1992-இல் சட்டம் வரையறுத்தது. 1998-இல் உயர்கல்விச் சட்டத்தில் இவற்றுக்கென ஐந்தாம் பகுதி உருவாயிற்று. பிறகு 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆசிய அமெரிக்க மாணவர்கள் 10 விழுக்காடு, கறுப்பின மாணவர்கள் 40 விழுக்காடு என்று வேறு எல்லைகளும் வந்தன. ஆசிய அமெரிக்கர் என்ற சொல்லுக்குள் தெற்காசியரும் அடக்கம் என்பதால், நம்மவர் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகள் சிலவும் இந்தப் பட்டியலில் வரும். விழுக்காடு மட்டும் போதாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வறிய மாணவர்கள் அதிகமாக இருக்க வேண்டும். மாணவருக்கான கல்லூரியின் செலவு சராசரியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் போட்டியில் வென்றால்தான் ஐந்தாண்டு மானியம் கிடைக்கும். தகுதியுள்ள ஹிஸ்பானிக் மாணவர் கல்லூரிகள் இன்று ஏறத்தாழ 600. நாட்டின் ஹிஸ்பானிக் கல்லூரி மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இவற்றில்தான் படிக்கிறார்கள்.

இந்த மானியத்தால் ஒரு சமுதாயக் கல்லூரி, அதாவது ஈராண்டுப் படிப்புகளை நடத்தும் உள்ளூர்க் கல்லூரி, என்ன செய்கிறது? முதலாண்டு இயற்கணித வகுப்பில் தோற்று விலகும் மாணவர்களுக்கு மாலை நேரத் துணை வகுப்பு வைக்கிறது. அதற்குக் கற்பிப்போரை நியமிக்கிறது. செவிலியர் படிப்புக்கான ஆய்வுக்கூடத்தைப் புதுப்பிக்கிறது. நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்ல விரும்பும் மாணவருக்கு எந்தப் பாடத்தின் மதிப்பெண் அங்கே ஏற்கப்படும் என்று சொல்லித்தர ஓர் ஆலோசகரை அமர்த்துகிறது. இவற்றில் எதற்குள்ளும் மாணவரின் இனத்தைக் கேட்டு அனுப்புவதில்லை. வெள்ளை மாணவரும் கறுப்பின மாணவரும் அதே மேசையில் அமர்ந்து அதே கணக்கைப் போடுகிறார்கள். கல்லூரியின் தகுதியைத்தான் எண்ணிக்கை தீர்மானிக்கிறது.

ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அந்த எண்ணிக்கையே உறுத்தலாக இருக்கிறது. ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்கள் தொடர்பான 2023 தீர்ப்பு மாணவர் சேர்க்கையைப் பற்றியது மட்டுமே. நிதியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. எனினும் அதன் தர்க்கத்தை நீட்டி, 25 விழுக்காடு என்ற எல்லை ஓர் இன ஒதுக்கீடு, எனவே அரசமைப்புக்கு விரோதமானது என்று 2025 ஜூனில் வழக்குத் தொடரப்பட்டது. சட்டத்தைக் காக்க வாதிட மாட்டோம் என்று நீதித்துறை அமைச்சகம் அடுத்த மாதமே அறிவித்தது. செப்டம்பரில் கல்வித் துறை, எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட ஏழு திட்டங்களில் தன் விருப்புரிமைக்கு உட்பட்ட சுமார் 35 கோடி டாலரை நிறுத்தியது. சட்டமே கட்டாயமாக்கியுள்ள சுமார் 13.2 கோடி டாலரை மட்டும் அந்த ஆண்டுக்கு வழங்கியது. சில நாள்களில், கறுப்பினக் கல்லூரிகளுக்கும் பூர்வகுடிக் கல்லூரிகளுக்கும் ஒருமுறை உதவியாக 49.5 கோடி டாலர் கூடுதலாக அறிவிக்கப்பட்டது. முதலிரு வகைகளின் தகுதி வரலாற்றிலும் உடன்படிக்கையிலும் நிற்பதால் அவற்றை இந்த வாதம் தொடவில்லை.

கூடுதல் பணம் கறுப்பினக் கல்லூரிகளுக்கு உரியதே. அவற்றின் நிலுவை மிகப் பெரியது என்பதை மேலே பார்த்தோம். ஆனால் ஓர் ஏழை மாணவரின் துணை வகுப்பை மூடி இன்னோர் ஏழை மாணவரின் கல்லூரிக்குக் கொடுப்பதை நிலுவையைத் தீர்ப்பதாக என்னால் ஏற்க முடியாது. அந்த நிலுவையை வைத்தவை மாநில அரசுகள். ஐந்தாண்டுத் திட்டம் பாதியில் நின்றதால் ஆலோசகரை வேலையிலிருந்து அனுப்ப வேண்டிய சமுதாயக் கல்லூரி அதில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை. மானியத்தின் ஆண்டுத் தவணை நின்றால் என்ன ஆகும் என்பதை அத்தகைய கல்லூரியின் கணக்கு ஏட்டில் பார்த்தால் தெரியும்: கருவிகள் இருக்கும், அவற்றை இயக்கிக் கற்பிப்பவரின் சம்பளத்துக்கு வழியிருக்காது.

25 விழுக்காட்டு எல்லையை எதிர்த்து 2025 ஜூனில் வந்த அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒரு மாநில அரசும் உண்டு, அது டென்னசி. தன் பொதுப் பல்கலைக்கழகங்களிலும் ஹிஸ்பானிக் மாணவர்களும் ஏழை மாணவர்களும் படிக்கிறார்கள், 25 விழுக்காட்டை எட்டாததால் மட்டுமே அவற்றுக்கு இந்த நிதி மறுக்கப்படுகிறது, இது பாகுபாடு என்பது அதன் வாதம். எல்லை பற்றிய அந்த வாதத்தை நீதிமன்றம் ஆராயட்டும். அதே 2025 ஜூனில், பணத்தட்டுப்பாட்டில் தத்தளித்த டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகம், கட்டடங்களுக்கென்று 2022-இல் ஒதுக்கப்பட்ட 25 கோடி டாலரில் 9.6 கோடியை அன்றாடச் செலவுக்குத் திருப்பிக்கொள்ள அந்த அரசிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது.